மதுரை வெயிலில் ஒரு லிக்விட் கூலர் மாட்டியது

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் எனக்குத் தொழில். வைகாசி வந்தால் முகூர்த்தமும் கூடும், வெயிலும் கூடும். என் கம்ப்யூட்டரில் இருப்பது ரைசன் 7 5800எக்ஸ். அந்த பிராசசருக்கு 90 டிகிரிதான் எல்லை. ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) போட்ட கொஞ்ச நேரத்தில் அதைத் தொட்டுவிட்டு, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மண்டப வீடியோ ஒன்று ராத்திரி முழுக்க ஓடி, காலையிலும் முடியாமல் கிடந்த அன்றைக்குத்தான் 240 மில்லிமீட்டர் லிக்விட் கூலர் வாங்கப் போனேன். பிராசசர் மேல் உட்காரும் பம்ப் சூட்டைத் தண்ணீரில் ஏற்றிக் குழாய் வழியாக ரேடியேட்டருக்கு அனுப்பும், அங்கே ஃபேன் அதை ஆற்றும்.

"மேல் பக்கம் தாராளமா உட்காரும்" என்றார் கடைக்காரர். நம்பி வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைத்துப் பார்த்தால் கதை வேறு. ரேடியேட்டர் தடிமன் 27 மில்லிமீட்டர், அதில் மாட்டும் ஃபேன் 25, மொத்தம் 52. என் ரேமின் தலையில் இருக்கும் அலங்காரத் தகட்டுக்கும் கேபினெட் கூரைக்கும் நடுவில் 40தான் இருந்தது. அதனால் முன் பக்கம் மாட்டினேன். அங்கேயும் அந்த 52 கிராபிக்ஸ் கார்டின் நீளத்துக்குப் போட்டியாக வரும். அதையும் அளந்த பிறகே தைரியம் வந்தது. நீங்கள் வாங்குவதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

பழைய கூலரைக் கழற்றுவதில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். என்னுடையது போல ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் பிராசசரின் அடியில் ஊசி ஊசியாகப் பின்கள் இருக்கும். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் பூசும் பேஸ்ட் காய்ந்து பிடித்திருக்க, கூலரை வெடுக்கென்று இழுத்தால் பிராசசரும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வரும், பின் வளையும். நான் முதலில் பத்து நிமிடம் ஒரு ரெண்டர் ஓடவிட்டேன். சூட்டில் பேஸ்ட் இளகும். அப்புறம் ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தேன். கேபினெட்டைப் படுக்க வைத்து, திருகுகளை எடுத்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தூக்கினேன். இன்னொன்று: அந்த நான்கு திருகுகளும் பிடித்திருப்பது மதர்போர்டின் முதுகில் இருக்கும் தகட்டைத்தான். எடுத்ததும் அது பின்னால் நழுவிவிடும். ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். புதிய கூலருக்கும் பெரும்பாலும் அதே தகடுதான் வேண்டும்.

பழைய பேஸ்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும்.

ஃபேன்களை ரேடியேட்டரில் மேஜை மேல் வைத்தே மாட்டிவிடலாம். டப்பாவில் நீளத் திருகும் குட்டைத் திருகும் கலந்து வரும். ஃபேன் வழியாகப் போவது நீளம். ரேடியேட்டரை நேராகக் கேபினெட்டில் பிடிப்பது குட்டை. மாற்றிப் போட்டால் நீளத் திருகு உள்ளே இருக்கும் தண்ணீர்க் குழாயையே குத்திவிடலாம். காற்று எந்தப் பக்கம் போகும்? ஃபேனின் பின்னால் குறுக்குச் சட்டம் தெரிகிறதே, அந்தப் பக்கமாக வெளியேறும். முன் பக்கம் மாட்டினால் வெளிக் காற்று உள்ளே வருகிற மாதிரி வையுங்கள்.

பம்ப் எப்போதும் ரேடியேட்டரின் உச்சியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். மூடிய குழாய்க்குள்ளும் கொஞ்சம் காற்று இருக்கும், அது மேலேதான் ஏறும். ரேடியேட்டரின் தலையில் தங்கினால் தொந்தரவு இல்லை. பம்பில் தங்கினால் சத்தம், சூடு, கடைசியில் பம்பே போய்விடும். முன் பக்கம் நிறுத்தும்போது குழாய் கீழே வருகிற மாதிரி வைத்தால் இன்னும் நல்லது. எனக்கு கிராபிக்ஸ் கார்டு குறுக்கே நின்றதால் எட்டவில்லை, மேலேதான் வைத்தேன். ரேடியேட்டரின் உச்சி பம்பைவிட உயரத்தில் இருப்பதால் சிக்கல் இல்லை.

பம்பின் செம்புப் பரப்பில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், நானே மறந்து ஒரு முறை வைத்துவிட்டு எடுத்தேன். பேஸ்ட் ஏற்கெனவே பூசி வந்திருந்தால் மேலே வேறு போட வேண்டாம். இல்லையென்றால் நடுவில் பாதிக் கொண்டைக்கடலை அளவு போதும். திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

ஒயரில், பம்புக்குப் பல மதர்போர்டுகளில் பம்ப் என்றே எழுதிய இடம் இருக்கும். பம்பை முழு வேகத்தில் ஓட விடுங்கள். ரேடியேட்டர் ஃபேன்களை சிபியு ஃபேன் என்ற இடத்தில் செருகுங்கள். அது காலியாக இருந்தால் பல போர்டுகள் ஆன் ஆகும்போதே ஃபேன் இல்லை என்று முறைத்துக்கொண்டு நிற்கும்.

ஆன் செய்ததும் முதலில் பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் மதர்போர்டின் செட்டிங் திரை) போய் ஐந்து நிமிடம் சூட்டைப் பாருங்கள். 50 சொச்சத்தில் நின்றால் சரி. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் உடனே அணையுங்கள்: பம்ப் ஓடவில்லை, அல்லது அந்தத் தாள்தான். ஆரம்பத்தில் களக் களக்கென்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், காற்று இடம் தேடுகிறது.

இப்போது அதே ரெண்டரில் 81, 82. அறையே 36 டிகிரியில் இருக்கும்போது இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. எந்தத் தண்ணீரும் அறைச் சூட்டுக்குக் கீழே இறக்காது. மாதம் ஒரு முறை முன் பக்க வலையைக் கழுவிக் காயவைத்து மாட்டுகிறேன். ரேடியேட்டரை பிளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்வேன், இல்லாவிட்டால் அது பம்பரமாகச் சுற்றும்.