டர்பனில் ஒரு நாள்: பெரியவரை முன்சீட்டில் உட்காரவையுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வரும் சொந்தக்காரர்களை எல்லோரும் கடற்கரைக்குத்தான் கூட்டிப்போகிறார்கள். நான் என் மாமனார் வளர்ந்த இடத்திலிருந்து அவரைக் கிளப்பி அனுப்பிய இடம் வரை கூட்டிப்போவேன். உங்கள் வீட்டிலும் எழுபது தாண்டியவர் இருந்தால் இந்த வழியில் ஒருமுறை போய் வாருங்கள். அவர் முன்சீட்டில் இருக்கட்டும், ஜிபிஎஸ் குரலை அணைத்துவிடுங்கள். ஜூன், ஜூலையில் மழையும் புழுக்கமும் குறைவு. வாரநாளாக இருந்தால் நல்லது.

விடிந்ததும் வார்விக் சந்திப்பிலுள்ள அதிகாலைச் சந்தையில் தொடங்குங்கள். கைப்பையையும் போனையும் வெளியே தெரிய வைக்காதீர்கள். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. 1911க்குள் மதராஸ், கல்கத்தா துறைமுகங்களிலிருந்து 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து சேர்ந்தார்கள். ஒப்பந்தம் முடிந்த பலர் ஊர் ஓரத்தில் நிலம் பிடித்துக் காய்கறி போட்டார்கள். மாமாவின் அம்மா கீரைக்கட்டு கொண்டுவந்து விற்றது இந்தச் சந்தையில்தான்.

அங்கிருந்து மாமா வளர்ந்த காட்டோ மேனர் பக்கம்தான். பெல்லேர் ரோட்டில் அம்பலவாணர் ஆலயம் இருக்கிறது. முதல் கோயிலை 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் கட்டினார்கள், அதை வெள்ளம் அடித்துப்போனது. 1947இல் இங்கே கட்டியபோது பழைய கோயிலின் கதவுகளைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அந்தக் கதவுக்கு முன்னால் அவசரப்படுத்தாதீர்கள். மாமா அங்கே நின்றால் நாங்கள் யாரும் கூப்பிட மாட்டோம்.

இனி கேள்விகள். “நிறவெறிக் காலம் எப்படி இருந்தது?” என்று கேட்டால் எல்லாப் பெரியவர்களும் ஒரே பதில்தான் சொல்வார்கள். “தண்ணி எங்கே பிடிப்பீங்க?”, “பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பக்கமா நடப்பீங்க?” என்று கேளுங்கள். மாமா ஆற்றின் வளைவை வைத்துத்தான் வீடு இருந்த இடத்தைக் கண்டுபிடித்தார். 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டம் எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று வரையறுத்தது. காட்டோ மேனரை வெள்ளையருக்கென்று ஒதுக்கினார்கள். பெரும்பாலோரைக் காலி செய்தபிறகு நிலத்தின் பெரும்பகுதி பல ஆண்டுகள் சும்மா கிடந்தது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

இதை நம்மவர் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. இங்கே குடிசை போட்டு வாழ்ந்த ஆப்பிரிக்கர்களை குவாமஷு, உம்லாசி என்ற கறுப்பினக் குடியிருப்புகளுக்கு விரட்டினார்கள். 1949 ஜனவரியில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் நடுவே மூண்ட கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். பெரியவர் அதைப் பேச விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். ஆனால் பின்சீட்டுப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லுங்கள்.

அப்புறம் சாட்ஸ்வர்த். 1960களில் வாழைத் தோட்ட நிலத்தை எடுத்து இந்தியருக்கென்று கட்டிய ஊர். ஆறு, ரயில் பாதை, பெரிய சாலை எதைக் கடந்தாலும் வண்டியை மெதுவாக்கிப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். ஒரு இனத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கத் திட்டமிட்டவர்களுக்கு அவையே எல்லைக்கோடுகளாக உதவின. கறுப்பினத்தவருக்கு ஒதுக்கிய உம்லாசிக்கும் வெள்ளையர் குடியிருப்புகளுக்கும் இடையில் இந்த ஊரை வைத்தார்கள். சரிவுகளில் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளைப் பாருங்கள். நகர மையத்திலிருந்து சுமார் 20 கி.மீ.; கீரை விற்றவர்களுக்கு அந்தத் தூரம் பஸ் காசாகவும் தூக்கமாகவும் கழிந்தது.

மதியம் பன்னி சௌ சாப்பிடுங்கள், ரொட்டியைக் குடைந்து அதில் குழம்பை ஊற்றித் தருவது. மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் பீன்ஸ் பன்னி கேட்கலாம். பெரியவரைக் கொஞ்சம் கண்ணயர விடுங்கள்.

திரும்பும்போது தெம்பிருந்தால் நகரத்திலுள்ள குவாமுலே அருங்காட்சியகத்துக்குப் போங்கள். திறந்திருக்கும் நேரத்தைப் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். கறுப்பின மக்களின் நடமாட்டத்தையும் வேலையையும் கட்டுப்படுத்திய அலுவலகம் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தது. காலையில் பார்ப்பதைவிட நிலத்தைப் பார்த்தபிறகு பார்த்தால் மனதில் நிற்கும். ஃபீனிக்ஸில் காந்தி 1904இல் தொடங்கிய குடியிருப்பை இதே நாளில் சேர்க்காதீர்கள், அது வடக்கே இருக்கிறது.

பெரியவர் பேசுவதை அவரிடம் சொல்லிவிட்டுப் போனில் பதிவு செய்யுங்கள். முன்னோரின் கப்பல் பெயர், ஊர், கொலனி எண் (ஒப்பந்தக் கூலியாக வந்தவருக்குக் கொடுத்த பதிவு எண்) எது தெரிந்தாலும் அன்று இரவே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கப்பல் பதிவேடுகளில் தேட அவை வேண்டும்.