கடும் பயிற்சிக்குப் பின் எதைக் குடிப்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓட்டப் பயிற்சிக்குப் புதிதாக வருகிறவர்கள், பயிற்சி முடிந்ததும் பையிலிருந்து எடுக்கிற பாட்டிலைப் பார்த்தாலே அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துவிடுகிறது. ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள், கிட்டத்தட்ட அதே வரிசையில். குளிர்பானத்தை மடமடவென்று குடித்து வயிறு உப்பிப்போவது மாதிரியான சங்கதிகளை உடம்பே சீக்கிரம் கற்றுக்கொடுத்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். இது ஒரு மணி நேரத்துக்கு மேல், சட்டையைப் பிழியும் அளவுக்கு வியர்த்துப் பயிற்சி செய்கிறவர்களுக்கு. அரை மணி நேர நடைக்குத் தண்ணீரும் அடுத்த வேளைச் சாப்பாடும் போதும்.

சிறுநீர் தெளிவாகும் வரை வெறும் தண்ணீர்

இந்த அறிவுரையை எத்தனை முறை மறுத்தாலும் யாராவது ஒருவர் புதியவரிடம் மறுபடி சொல்லிவிடுகிறார். எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

வியர்வையில் தண்ணீரோடு, உப்பில் இருக்கும் சோடியமும் போகிறது. லிட்டருக்கு அரை கிராமும் போகலாம், ஒன்றரை கிராமுக்கு மேலும் போகலாம். ஆளுக்கு ஆள் மாறும். சட்டை காய்ந்ததும் வெள்ளைக் கோடு படிகிறவர்கள் அதிகம் இழக்கிறவர்கள். இந்த நிலையில் வெறும் தண்ணீரை வேகமாகக் குடித்தால் இரத்தம் சற்று நீர்த்துப்போகிறது. மூளை உடனே, 'தண்ணீர் மிஞ்சிவிட்டது, வெளியேற்று' என்று சிறுநீரகத்துக்குச் சமிக்ஞை அனுப்புகிறது. இழந்தது திரும்பி வருவதற்கு முன்பே குடித்தது வெளியே போகத் தொடங்கிவிடும்.

எங்கள் குழுவில் ஓர் இளைஞர் நீண்ட ஓட்டத்தில் இரண்டு கிலோ எடை இழந்திருந்தார். உட்கார்ந்த இடத்தில் இரண்டு லிட்டர் தண்ணீரைக் குடித்தார். கழிப்பறைக்கு நடையாய் நடந்துவிட்டு வந்து, சிறுநீர் தெளிவாகப் போகிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். மறுபடி எடை பார்க்கச் சொன்னேன். இன்னும் ஒரு கிலோவுக்கு மேல் பாக்கி இருந்தது. தெளிவான சிறுநீர் அவருக்குச் சொன்னது, குடித்தது உடம்பில் தங்கவில்லை என்பதைத்தான்.

இதையாவது மாலைக்குள் சரிசெய்துவிடலாம். மோசமானது இன்னொன்று. நீண்ட நேரக் கடும் உழைப்புக்குப் பிறகு சிலருக்கு, தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோன் தணியாமல் சுரந்துகொண்டே இருக்கும். அவர்கள் குடிப்பது வெளியேறாது. இரத்தத்தில் சோடியம் இறங்கும், மூளை வீங்கும். ஒரு பந்தய முடிவில் ஒரு பெண் தலைவலி, வாந்தி, பேச்சில் தடுமாற்றம் என்று உட்கார்ந்திருந்தார். விரலில் மோதிரம் இறுகியிருந்தது. சுற்றி நின்றவர்கள் நீரிழப்பு என்று நினைத்து மேலும் மேலும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவமனையில் பார்த்தபோது சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஒவ்வொரு கோப்பைத் தண்ணீரும் அக்கறையோடு கொடுக்கப்பட்டது என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

இது எங்கோ ஒருவருக்கு நடக்கிற விஷயம் இல்லை. 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களிடம்தான் இது அதிகம். ஸ்போர்ட்ஸ் டிரிங்க் குடித்தால் இந்த ஆபத்து இல்லை என்றும் நினைக்க வேண்டாம். அதில் லிட்டருக்குச் சுமார் அரை கிராம் சோடியம்தான், இரத்த நீர்மத்திலோ மூன்று கிராமுக்கு மேல். அளவுக்கு மீறினால் அதுவும் நீர்க்கவே செய்யும்.

அதனால் எடை பாருங்கள். பயிற்சிக்கு முன் ஒருமுறை, பின் வியர்வையைத் துடைத்துவிட்டு ஒருமுறை. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர், சில மணி நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக, உப்போடு. சாப்பாடு கூடவே இருந்தால் அதிலுள்ள உப்பே பெரும்பாலும் போதும், தண்ணீரே குடிக்கலாம். எடை குறையவில்லை என்றால் தாகத்துக்கு மட்டும் குடியுங்கள். எடை கூடி, தலைவலியும் குழப்பமும் இருந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

புரோட்டீன் பவுடர் மட்டும் போதும் என்ற நம்பிக்கை

டப்பாவைக் குலுக்கிக் குடித்தால் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். தசையில் தீர்ந்துபோனது கிளைக்கோஜன், அதாவது தசை சேமித்துவைத்திருந்த சர்க்கரை, அதைப் புரோட்டீன் நிரப்பாது, மாவுச்சத்துதான் நிரப்பும். எவ்வளவு அவசரம் என்பது அடுத்த பயிற்சி எப்போது என்பதைப் பொறுத்தது. எட்டு மணி நேரத்துக்குள் மறுபடி ஓட வேண்டுமென்றால், முதல் நான்கு மணி நேரம் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் மணிக்கு மணி மாவுச்சத்து வேண்டும். அறுபது கிலோ எடைக்காரருக்கு மணிக்கு 60 கிராம். மறுநாள்தான் பயிற்சி என்றால் வழக்கமான சாப்பாடு பார்த்துக்கொள்ளும்.

புரோட்டீனும் வேண்டும்தான், 20 முதல் 25 கிராம் பலருக்குப் போதும். அரை லிட்டர் பாலில் கிட்டத்தட்ட 17 கிராம் இருக்கிறது. சர்க்கரை, சோடியம், பொட்டாசியம் எல்லாம் கூடவே வருகின்றன, குடித்த நீரும் வெறும் தண்ணீரைவிட நன்றாக உடம்பில் தங்குகிறது. பால் ஒத்துக்கொள்கிறவர்கள் வேறெதையும் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் கருத்து.

புரோட்டீனை முப்பது நிமிடத்துக்குள் குடித்தே ஆக வேண்டும்

இல்லை. தசை பல மணி நேரத்துக்குப் புரோட்டீனை ஏற்றுக்கொள்ளும் நிலையில்தான் இருக்கும்.

பழச்சாறு

சர்க்கரை பத்து சதவீதம் அளவில், சோடியம் அநேகமாகப் பூஜ்யம். களைத்த வயிற்றில் அது மெதுவாகவே இறங்கும். சம அளவு தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால் பரவாயில்லை.

எனர்ஜி டிரிங்க்

காஃபீன் களைப்பை மறைக்கும், இழந்த உப்பைத் தராது. மாலையில் குடித்தால் தூக்கமும் போய்விடும்.

மது

வேண்டாம். தசை தன்னைச் சரிசெய்துகொள்வதை அது தடுக்கிறது.

ஓஆர்எஸ் பொடியைக் கெட்டியாகக் கலப்பது

நிறைய வியர்த்து, சாப்பிடவும் முடியாதபோது ஓஆர்எஸ், அதாவது வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல், நல்ல தேர்வு. உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்திய கலவையில் ஒரு லிட்டருக்கு 20.5 கிராம் பொடி, அதில் குளுக்கோஸ் 13.5 கிராம். குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்துதான் குடலிலிருந்து தண்ணீரை உள்ளே இழுக்கின்றன. 'ஸ்ட்ராங்காக இருக்கட்டும்' என்று பாதித் தண்ணீரில் கலந்தால் நேர்மாறாக, குடல் உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும், வயிற்றுப்போக்கு வரும். ஒரு லிட்டர் பாக்கெட்டும் 200 மில்லி பாக்கெட்டும் உண்டு. உறையில் எவ்வளவு அச்சிட்டிருக்கிறதோ அவ்வளவு தண்ணீர், அளந்து ஊற்றுங்கள். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் இந்த உப்புக் கணக்கை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.