வீட்டு மாடல் ரயில் லேஅவுட்ல வண்டிய சும்மா சுத்த விடாதீங்க

மாடல் ரயில் வச்சிருக்கவங்க நிறைய பேர் வண்டிய ஆன் பண்ணி வட்டமா சுத்த விட்டுட்டு உக்காந்துடறாங்க, கொஞ்ச நேரத்துல போரடிச்சிடும். அதுக்கு பதிலா வண்டிக்கு ஒரு வேலை குடுங்க. ஸ்டேஷனுக்கு சேலம் ஜங்ஷன்னு பேர் வச்சுக்கோங்க, ஒரு கிளை மேட்டூர் டேம், இன்னொண்ணு விருத்தாசலம் போற சிங்கிள் லைன். எதிர்ல கூட்ஸ் வருது, பாசஞ்சர் லூப்ல, அதாவது பக்கத்து தண்டவாளத்துல ஒதுங்கணும், தடம் பிரியற பாயிண்ட் மாத்தணும், சிக்னல் விழுந்தா தான் கிளம்பணும். ரெண்டு வண்டியே போதும், மூணாவதுக்கு வீட்ல திட்டு வாங்க வேணாம்.

அப்புறம் ஸ்பீடு. ஹெச்ஓ ஸ்கேல்ங்கற மாடல் அளவுன்னா நிஜத்துல 87ல ஒரு பங்கு, அப்ப நிஜ வண்டியோட மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம்னா 1 மீட்டர் ட்ராக்க கடக்க 5 செகண்டுக்கு மேலயே ஆகணும். போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு பாருங்க, நாம ஓட்டறது எவ்ளோ ஓவர்னு தெரியும். ஸ்டேஷன் உள்ள வர்றப்ப இன்னும் பாதியா குறைங்க, கிளம்பறப்பவும் மெதுவா எடுங்க, பெட்டிய இணைக்கற கப்ளிங் இழுபட்டு பெட்டி ஒண்ணொண்ணா நகர்றது அப்ப தான் கண்ணுக்கே தெரியும்.

மெதுவா ஓட்டுனா இஞ்சின் விக்கி விக்கி நிக்குதா? பெரும்பாலும் மோட்டார் கோளாறு இல்ல, தண்டவாளத்துல அழுக்கு, நம்ம ஊரு வெயில் கால தூசி பத்தி சொல்லவே வேணாம். பவர ஆஃப் பண்ணிட்டு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல பருத்தி துணிய நனைச்சு தண்டவாளம், இஞ்சின் சக்கரம் ரெண்டையும் துடைங்க. உப்புத்தாள் மட்டும் போட்றாதீங்க, அந்த கீறல்லயே அழுக்கு இன்னும் சேரும்.