நிமோகாக்கஸ் வெளிவிடும் புரதங்களைக் கணினியில் தேடிப் பிடிப்பது எப்படி?

மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியா, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்ட, தான் வெளியே விடும் புரதங்களைப் பயன்படுத்துகிறது. அவற்றின் பட்டியலைக் காசு செலவில்லாமல் நாமே எடுக்கலாம்.

படி 1: யூனிப்ராட் என்ற புரதத் தகவல் தளத்தில், நிமோகாக்கஸின் டைகர்4 ரகத்தின் மொத்தப் புரதங்களையும் ஃபாஸ்டா (அமினோ அமில வரிசைகளை எழுத்தாகத் தரும்) கோப்பாக இறக்குங்கள். இரண்டாயிரத்துக்கு மேல் வரும்.

படி 2: கோப்பைச் சிக்னல்பி 6.0 என்ற இணையக் கருவியில் ஏற்றுங்கள். மொத்தமாக ஏற்காவிட்டால் பிரித்துப் போடுங்கள். புரதத்தின் தொடக்கத்தில், அதை வெளியே அனுப்பச் சொல்லும் சிக்னல் பெப்டைடு இருக்கிறதா என்று இது பார்க்கும். ஐந்து வகைச் சிக்னல் பெப்டைடுகளைப் பிரித்துக் காட்டுவதால் பழைய பதிப்புகளை விட்டு இதையே பயன்படுத்துங்கள்.

படி 3: சிக்னல் பெப்டைடு உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றில் டீப்டிஎம்ஹெச்எம்எம் என்ற கருவி கொண்டு சவ்வுக்குள் புதைந்த புரதங்களைக் கழித்துவிடுங்கள்.

படி 4: சரி, இப்போது பட்டியலில் நியூமோலைசினைத் தேடுங்கள். இருக்காது! நம் செல்சவ்வின் கொலஸ்ட்ராலைப் பிடித்து ஓட்டை போடும் முக்கியமான நச்சு இதுதான். ஆனால் இதன் 471 அமினோ அமிலங்களில் சிக்னல் பெப்டைடே கிடையாது. லைட்ஏ என்ற நொதி பாக்டீரியாவின் சுவரை உடைக்கும்போது இது வெளியே கொட்டுகிறது. அந்த லைட்ஏவுக்கும் சிக்னல் பெப்டைடு இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க, நியூமோலைசினின் குடும்பத்தையே சேர்ந்த, லிஸ்டீரியா என்ற வேறொரு பாக்டீரியாவின் நச்சான லிஸ்டீரியோலைசினையும் சிக்னல்பியில் போடுங்கள். அதற்கு முதல் சுமார் 25 அமினோ அமிலங்கள் சிக்னல் பெப்டைடு.

இது வெறும் கணினி விவகாரம் இல்லை. சுவரைத் தாக்கும் ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் பாக்டீரியா உடைந்து நச்சும் சுவர்த்துண்டுகளும் சிதறி, அழற்சி ஏறும். அதனால்தான் முதல் டோஸுக்குச் சற்று முன்னாலோ கூடவேயோ அழற்சியைத் தணிக்கும் டெக்சாமெத்தசோன் மருந்தைத் தருகிறார்கள். 2002-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், நிமோகாக்கஸ் நோயாளிகளிடம் அது இறப்பைக் குறைத்தது.

ஆகவே சிக்னல் பெப்டைடு இல்லாமலே வெளிவரும் இப்படிப்பட்ட புரதங்களை ஆய்வுக்கட்டுரைகளைப் படித்துக் கையால் சேர்த்துவிடுங்கள். இவற்றைக் கணிக்கச் சீக்ரெட்டோம்பி என்ற கருவி இருக்கிறதே என்பீர்கள். அதன் கணிப்பை மட்டும் நம்பி ஒரு புரதத்தைச் சேர்க்க எனக்கு மனம் வராது.

பின்சேர்க்கை: சிக்னல்பியில் கிராம் பாசிட்டிவ் என்ற தேர்வே இல்லையே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அது ஐந்தாம் பதிப்பில் இருந்தது. ஆறில் யூகாரியா (செல்லில் கரு உள்ள உயிர்கள்), மற்றவை என இரண்டுதான். பாக்டீரியாவுக்கு ‘மற்றவை’யைத் தேர்ந்தெடுங்கள். யூகாரியாவில் ஓட்டியிருந்தால் இரண்டாம் படியிலிருந்து திரும்பச் செய்யுங்கள், கொழுப்பு இணைந்த லிப்போபுரதங்கள் தனியாகப் பிரிந்திருக்காது.