பனை விதை நடப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

தமிழ்நாட்டின் மாநிலச் சின்னங்களில் வரையாட்டையும் மரகதப்புறாவையும் நாம் வளர்க்க முடியாது. செங்காந்தளை வளர்க்கலாம், ஆனால் அதன் கிழங்கு விஷம், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் யோசிக்க வேண்டும். மாநில மரமான பனைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, நர்சரிக்குக்கூடப் போக வேண்டாம்.

ஆவணி, புரட்டாசியில் பழம் தானாக விழும், மரத்தடியில் பொறுக்கினாலே போதும். ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும் என்பதால் முழுப் பழத்தைப் புதைக்காமல் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். தண்ணீரில் போட்டு, மிதப்பதை ஒதுக்கிவிட்டு, மூழ்கியதை மட்டும் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் நட்டுவிட வேண்டும்.

குழி ஓர் அடி ஆழம், குழிக்குக் குழி பத்து அடி இடைவெளி, அவ்வளவுதான். பையில் போட்டு வளர்த்துப் பிறகு மாற்றி நடலாமே என்று பலர் கேட்கிறார்கள். நான் சொல்வது, நேரடியாக நிற்க வேண்டிய இடத்திலேயே போடுங்கள். ஏனென்றால் பனை முதலில் மேலே வராது. கொட்டையிலிருந்து வெள்ளையாக ஒரு குழல் கிளம்பி மண்ணுக்குள் இறங்கும், செடி உருவாவது அதன் நுனியில், ஆழத்தில். பொங்கலுக்கு அவித்துத் தின்கிறோமே பனங்கிழங்கு, அது இதுதான். அதனால் நட்ட இடத்தை ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள், கிழங்குக்காகத் தோண்டிவிட்டால் மரம் போச்சு!

இடம்தான் முக்கியம். நூறு அடி வரை போகக்கூடிய மரம், மின்கம்பிக்குக் கீழே நட்டால் பின்னால் வெட்டச் சொல்வார்கள். குளக்கரை, ஏரிக்கரை என்றால் ஊராட்சியிலோ நீர்வளத்துறையிலோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கரையைப் பலப்படுத்த வரும் ஜேசிபி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். (வளர்ந்த பனையை வெட்டுவதென்றால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள், ஆனால் முளைக்காத கொட்டைக்கு யார் கேட்கப் போகிறார்கள்?)

நட்டபின் மாதக்கணக்கில் ஒன்றுமே தெரியாது, தோண்டிப் பார்க்காதீர்கள். முதலில் வருவது விசிறி ஓலை இல்லை, மடிப்பு மடிப்பாக நீளமான ஒற்றை இலை, புல் என்று நினைத்து மிதித்துவிடுவார்கள். அது ஆட்டுக்கும், கோடையில் கரையில் வைக்கும் தீக்கும் தப்ப வேண்டும். சுற்றிலும் முள்ளை வெட்டிப் போடுங்கள், கோடைக்கு முன் காய்ந்த புல்லை அறுத்துவிடுங்கள்.

அப்புறம், நுங்குக்கு ஆசைப்பட்டு ஒன்றே ஒன்று நட வேண்டாம். ஆணா பெண்ணா என்பது பாளை விடும்போதுதான் தெரியும், அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம்கூட ஆகலாம். ஒன்றோடு நிறுத்தினால் அது நுங்கு காய்க்காத ஆண்பனையாகப் போய்விடலாம், பத்துக் கொட்டையாவது போடுங்கள். முளைக்காத குழிகளுக்கு அடுத்த ஆவணியில் புதுக் கொட்டை.