டாலருக்கு முன்னால் ஓர் எம்

விண்டோஸ் லேப்டாப்பில் எழுதிய சின்ன பேக்கப் ஸ்கிரிப்டை எஸ்சிபி (நெட்வொர்க் வழியே ஃபைலை நகலெடுக்கும் கட்டளை) மூலம் லினக்ஸ் சர்வருக்கு அனுப்பினேன். ஓட்டினால், அப்படியொரு ஃபைலே இல்லை என்று சாதித்தது. ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை அடித்தால் கண்ணெதிரே இருக்கிறது! பர்மிஷனை மாற்றினேன், மறுபடி அனுப்பினேன், ஒரு மணி நேரம் போனது.

கடைசியில், ஃபைலைத் திரையில் காட்டும் ‘கேட்’ கட்டளையோடு பெரிய ‘ஏ’ சேர்த்து, மறைந்திருக்கும் எழுத்துகளையும் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும், முடிவைக் காட்டும் டாலர் குறிக்கு முன்னால் தொப்பி போட்ட ஓர் ‘எம்’. வரியை முடிக்க விண்டோஸ் 13, 10 என்று இரண்டு குறியீடுகளை வைக்கும். லினக்ஸுக்கு 10 மட்டும் போதும். மிஞ்சிய 13தான் தொப்பி எம்மாகத் தெரிந்தது. முதல் வரியில், ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் நிரல் இருக்கும் பாதையோடு அந்த 13 ஒட்டிக்கொண்டதால், இல்லாத பாஷைத் தேடியிருக்கிறது. எஸ்சிபியைக் குறை சொல்ல முடியாது, அது பைட்டுக்குப் பைட் அப்படியே கொண்டுபோகும். ஃபைல் அனுப்பும் பழைய முறையான எஃப்டிபியில், டெக்ஸ்ட்டுக்கான ஆஸ்கி மோட் வரி முடிவை மாற்றித் தரும் (அதில் ஜிப் ஃபைலை அனுப்பினால் பாழ்தான்).

வரி முடிவுகளை மாற்றித் தரும் டாஸ்டூயுனிக்ஸை ஒருமுறை ஓட்டினேன், சரியானது. அப்புறம், கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டின் ஆட்ரிப்யூட்ஸ் ஃபைலில், ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு எல்எஃப்தான் (10 மட்டும்) என்று எழுதிவைத்தேன். எடிட்டரின் கீழ் மூலையிலும் சிஆர்எல்எஃப் (13, 10) என்பதை மாற்றினேன். இத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.