ஆர்எஃப்டி ரிப்போர்ட்டை எந்த வரிசையில் படிப்பது?

லேபிலிருந்து வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்ததும் கண் நேராகத் தடித்த எழுத்துக்கும் அதன் பக்கத்தில் இருக்கும் 'எச்' (ஹை, அதாவது அளவு அதிகம்) குறிக்கும்தான் போகும். ஆர்எஃப்டி, அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த ரிப்போர்ட்டைப் படிக்க இதைவிட மோசமான வழி இல்லை. எச் போட்ட யூரிக் ஆசிட்டுக்கு எந்த வைத்தியமும் தேவைப்படாமல் போகலாம். எந்தக் குறியும் இல்லாத கிரியேட்டினின் 1.1, எழுபத்தைந்து வயதுப் பாட்டிக்குச் சிறுநீரகத்தின் வேலை பாதியாகிவிட்டதைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். லேப் அச்சிடும் 'நார்மல்' எல்லைக்குப் பாட்டியின் வயது தெரியாது.

இங்கே எடுத்துக்கொள்வது தமிழ்நாட்டு லேப்கள் தரும் வழக்கமான ஆர்எஃப்டி: யூரியா, கிரியேட்டினின், யூரிக் ஆசிட், சோடியம், பொட்டாசியம், குளோரைடு. சில இடங்களில் பைகார்பனேட்டும் கால்சியமும் சேர்ந்து வரும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. குறிப்பாகக் கர்ப்ப காலத்தில் கிரியேட்டினின் இயல்பாகவே இறங்கிவிடும், அப்போது 1.0 என்பதே டாக்டர் கவனிக்க வேண்டிய எண்.

ரத்தம் கொடுக்கும் முன்

சிறுநீரக டெஸ்டுக்கு மட்டும் என்றால் வெறும் வயிறு தேவையில்லை. முந்தின இரவு பிரியாணியும் சுக்காவும் வேண்டாம், ஏனென்றால் சமைத்த இறைச்சி கிரியேட்டினினைச் சில மணி நேரத்துக்கு ஏற்றிக் காட்டும். முந்தின நாள் ஜிம்மில் பாரம் தூக்க வேண்டாம். தண்ணீர் எப்போதும் போலக் குடிக்கலாம். ரிப்போர்ட் நன்றாக வர வேண்டும் என்று காலையில் இரண்டு லிட்டர் குடித்துவிட்டுப் போவதும் தப்பு, வெறும் வயிறு என்று தண்ணீரையும் நிறுத்துவதும் தப்பு.

படி 1: அலகைப் பார்

எண்ணுக்கு முன்னால் அலகு. இந்தியாவில் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும். இலங்கை, சிங்கப்பூர், மலேசிய ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலும் லிட்டருக்கு மைக்ரோமோல். அங்கே 106 என்று இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, 88.4 ஆல் வகுத்தால் நம் கணக்கில் 1.2. யூரியா அங்கே லிட்டருக்கு மில்லிமோலில் இருந்தால் அந்த எண்ணை 6 ஆல் பெருக்கினால் நம்முடைய எண் கிடைத்துவிடும்.

படி 2: கிரியேட்டினினை ஈஜிஎஃப்ஆர் ஆக்கு

கிரியேட்டினின் தசையில் உற்பத்தியாகும் கழிவு. தசை அதிகம் இருந்தால் உற்பத்தியும் அதிகம். அதனால் தனி எண்ணாக அது அரைத் தகவல்தான். வயதையும் பாலினத்தையும் சேர்த்து, சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்று மதிப்பிட்டால் வருவதுதான் ஈஜிஎஃப்ஆர். பல லேப்கள் இதை அச்சிடுகின்றன. அச்சிடாவிட்டால் இணையத்தில் கணிப்பான்கள் உண்டு.

எதைப் பயன்படுத்துவது என்றால், 'சிகேடி-எபி 2021' சூத்திரம் உள்ளதை மட்டும். பழைய எம்டிஆர்டி வேண்டாம். காக்ராஃப்ட்-கால்ட் கணக்கு மருந்தளவு நிர்ணயிக்க டாக்டர்களுக்கு உதவும், வீட்டில் நமக்கு அது குழப்பம். சில தளங்கள் இன்னும் 2009 சூத்திரத்தையே பெயர் சொல்லாமல் வைத்திருக்கின்றன. கண்டுபிடிக்க ஒரு சோதனை: பெண், வயது 68, கிரியேட்டினின் 1.2 என்று போட்டுப் பாருங்கள். 49 வந்தால் அது 2021 சூத்திரம். 46, 47 வந்தால் பழையது. விடை நூற்றுக்கணக்கில் வந்தால் தளம் மைக்ரோமோலில் கேட்கிறது, நீங்கள் மில்லிகிராமில் கொடுத்திருக்கிறீர்கள்.

இப்போது அதே 1.2-ஐ முப்பது வயது ஆணுக்குப் போடுங்கள். 83 வரும். ஒரே கிரியேட்டினின், ஒருவருக்கு 83, இன்னொருவருக்கு 49. இந்த ஒரு சோடியைப் பார்த்தாலே 'எச் இல்லை, அதனால் நார்மல்' என்று சொல்வது எவ்வளவு ஆபத்து என்று புரிந்துவிடும்.

ஈஜிஎஃப்ஆரை வைத்துச் சிறுநீரகத்தின் நிலையை ஆறு கட்டமாகப் பிரிப்பார்கள்: 90-உம் அதற்கு மேலும் ஜி1, 60 முதல் 89 வரை ஜி2, 45 முதல் 59 வரை ஜி3ஏ, 30 முதல் 44 வரை ஜி3பி, 15 முதல் 29 வரை ஜி4, அதற்குக் கீழே ஜி5. இதில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் ஜி2. 78 என்று வந்ததும் 'இரண்டாம் கட்ட சிறுநீரக நோய்' என்று கூகுளில் படித்துவிட்டு வீடே கலங்கிப் போகும். சிறுநீரில் புரதமோ, ஸ்கேனில் கோளாறோ, வேறு ஏதாவது சேதத்தின் அடையாளமோ இல்லாமல் ஜி1, ஜி2 இரண்டும் நோயே அல்ல. 60-க்குக் கீழே வந்தாலும் ஒரே ரிப்போர்ட்டை வைத்து நாள்பட்ட நோய் என்று சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே நீடித்தால்தான் அந்தப் பெயர்.

இந்தக் கணக்கு தவறாகச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். உடற்பயிற்சியில் தசை ஏற்றியவர், க்ரியாட்டின் பவுடர் குடிப்பவர் ஆகியோருக்கு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். படுத்த படுக்கையில் இருப்பவர், கால் எடுக்கப்பட்டவர், மிகவும் மெலிந்த முதியவர் ஆகியோருக்கு உண்மையைவிட நன்றாகக் காட்டும். இவர்களுக்கு சிஸ்டாட்டின் சி என்ற டெஸ்டை டாக்டரிடம் கேட்கலாம், அது தசையைப் பெரிதாகச் சார்ந்ததில்லை. தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டு மாத்திரையும் அதையும் குழப்பும் என்பதால் அவற்றைச் சொல்லிவிட்டே கேளுங்கள்.

படி 3: பழைய ரிப்போர்ட்டைத் தேடு

புது ரிப்போர்ட்டைவிடப் பழைய ரிப்போர்ட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். 0.9 இருந்தது 1.0 ஆனால் அது அளவீட்டின் ஏற்ற இறக்கமாகவே பெரும்பாலும் இருக்கும். அதே 0.7 இருந்த ஒரு பெண்ணுக்கு 1.4 ஆனால் 'கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது' என்று ஆறுதல் சொல்லக் கூடாது, வடிகட்டும் திறன் பாதிக்கும் கீழே போய்விட்டது. கிரியேட்டினின் ஏணி போல ஏறுவதில்லை. தொடக்கத்தில் சிறுநீரகம் நிறைய இழந்தாலும் எண் கொஞ்சமே நகரும், பிற்பாடு கொஞ்சம் இழந்தாலும் தாவும். அதனால் ஒப்பிடும்போது ஈஜிஎஃப்ஆரை ஒப்பிடுங்கள். முந்தைய அளவிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் டாக்டர் காரணம் தேட வேண்டும். இரண்டு நாளுக்குள் கிரியேட்டினின் 0.3 ஏறியிருந்தால் அது அவசரம், திடீர் பாதிப்பின் அளவுகோல்களில் அதுவும் ஒன்று. அந்த நிலையில் ஈஜிஎஃப்ஆர் கணக்கே செல்லாது.

இதற்கு ஆப் எதுவும் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, லேப், கிரியேட்டினின், ஈஜிஎஃப்ஆர், பொட்டாசியம், அந்த வாரம் சாப்பிட்ட மருந்து என்று ஆறு பத்தி போட்டால் போதும். கடைசிப் பத்திதான் பின்னால் டாக்டருக்கு அதிகம் உதவும். கூடுமானவரை ஒரே லேபுக்குப் போங்கள். ரிப்போர்ட்டில் 'முறை' என்ற இடத்தில் ஜாஃபே அல்லது என்சைமாட்டிக் என்று இருக்கும். ஜாஃபே முறை 1886-இல் வந்த வேதிவினையின் வழியில் வந்தது. சர்க்கரை மிக அதிகமாகி ரத்தத்தில் கீட்டோன் இருந்தால் அது கிரியேட்டினினைக் கூட்டிக் காட்டலாம், மஞ்சள் காமாலை இருந்தால் குறைத்துக் காட்டலாம். இரண்டும் கிடைக்கும் ஊரில் என்சைமாட்டிக் செய்யும் லேபைத் தேர்ந்தெடுங்கள்.

படி 4: யூரியா, அதன் அமெரிக்க உறவினர்

அதிகம் பேரைக் காரணமில்லாமல் தூங்கவிடாமல் செய்யும் வரி இதுதான். ரிப்போர்ட்டில் யூரியா 38 என்று இருக்கிறது. இணையத்தில் தேடினால் நார்மல் 7 முதல் 20 வரை என்று வருகிறது. இரண்டு மடங்கு! ஆனால் அந்த 7–20, பியுஎன்னுக்கு உரியது, அதாவது யூரியாவில் இருக்கும் நைட்ரஜனை மட்டும் எடைபோடும் அமெரிக்கக் கணக்கு. நம் லேப்களில் வழக்கமாக முழு யூரியாவை அளக்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் 2.14 மடங்கு வித்தியாசம். 38-ஐ 2.14 ஆல் வகுத்தால் 17.8, எல்லைக்குள் இருக்கிறது. சில லேப்கள் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் போட்டு மேலும் குழப்பும். அப்போது இரண்டும் தனித்தனி டெஸ்ட் அல்ல, ஒன்றிலிருந்து கணக்குப் போட்டு எழுதியது.

யூரியா சிறுநீரகத்தை மட்டும் பேசாது. உடலில் நீர் குறைந்தால் ஏறும், இறைச்சியும் புரோட்டீன் பவுடரும் சாப்பிட்டால் ஏறும், ஸ்டீராய்டு எடுத்தால் ஏறும். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் ஏறும், ஏனென்றால் குடலுக்குள் போன ரத்தமும் புரதம்தான். கல்லீரல் கெட்டவருக்கும் புரதம் குறைவாகச் சாப்பிடுபவருக்கும் குறைந்தே இருக்கும். எனவே யூரியாவைத் தனியாகப் படிக்காமல் பியுஎன்னை கிரியேட்டினினால் வகுத்துப் பாருங்கள். 10 முதல் 20 வரை வழக்கம். 20-ஐத் தாண்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நீரிழப்பு: பேதி, வாந்தி, சித்திரை வெயிலில் வேலை, தண்ணீர் மாத்திரை என்று சொல்லப்படும் டையூரெடிக். மலம் தார் போலக் கறுப்பாகவும் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த விகிதத்தை முழு யூரியா எண்ணை வைத்துப் போட்டுவிட்டு 40 வந்தது என்று பதறுவது இன்னொரு வழக்கமான தடுமாற்றம். முதலில் 2.14 ஆல் வகுக்க வேண்டும்.

படி 5: பொட்டாசியம்

மற்றவை பெரும்பாலும் நாள் கணக்கில் காத்திருக்கலாம், இது மணிக்கணக்கில். 3.5 முதல் 5.0 அல்லது 5.1 வரை சரி. 6.0-க்கு மேல் என்றால் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அன்றே இசிஜி எடுக்கும் வசதியுள்ள இடத்துக்குப் போக வேண்டும். 6.5 என்பது நெருக்கடி.

ஆனால் பொய்யாக ஏறும் எண்ணும் இதுதான். பொட்டாசியம் ரத்த அணுக்களுக்கு உள்ளேதான் அதிகம் இருக்கிறது, அணு உடைந்தால் வெளியே கொட்டும். கையில் பட்டையை இறுக்கி, 'கையை மூடித் திற' என்று பத்து முறை சொல்லி எடுத்த ரத்தத்தில் ஏறும். ஊர்க் கிளையில் எடுத்ததைப் பிரிக்காமல் மணிக்கணக்கில் வைத்திருந்தால் ஏறும். பிரிக்காத ரத்தத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் ஏறும். ரிப்போர்ட்டின் அடியில் 'ஹீமோலைஸ்டு' (அணுக்கள் உடைந்த ரத்தம்) என்று சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இன்னொரு தடயம், பொட்டாசியம் தாறுமாறாக ஏறி கால்சியம் அதே ரிப்போர்ட்டில் பாதாளத்தில் இருந்தால், ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் இடிடிஏ என்ற பொட்டாசியம் உப்பு இந்தக் குழாயில் கலந்திருக்கலாம். பொய் என்று நீங்களே முடிவு கட்டி வீட்டில் இருந்துவிடாதீர்கள், உடனே மறுபடி எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

உண்மையிலேயே ஏறியிருந்தால் டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிரஷர் மருந்துகளும், 'குறைந்த சோடியம்' என்று விற்கும் உப்பும் காரணமாக இருக்கலாம். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் போட்டிருப்பது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் பழுதானவர் அதைத் தொடவே கூடாது. இளநீரும் அப்படித்தான்.

சோடியம், குளோரைடு இரண்டையும் இங்கே விட்டுவிடலாம். பைகார்பனேட் 22-க்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் குறிப்பிட்டுக் கேளுங்கள். வலியோ கல்லோ இல்லாத யூரிக் ஆசிட் 7.5-க்கு மாத்திரை வழக்கமாகத் தேவையில்லை.

இந்த ரிப்போர்ட்டில் இல்லாதது

மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் இருபது வகை டெஸ்ட் இருக்கும், சிறுநீர் ஏசிஆர் (சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம்) மட்டும் பல நேரம் இருக்காது. சர்க்கரை, பிரஷர் உள்ளவருக்கு ரத்தம் காட்டுவதற்கு வருடங்கள் முன்பே சேதத்தைக் காட்டக்கூடியது அதுதான். காலையில் முதலில் போகும் சிறுநீரில் எடுப்பது நல்லது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், 300-ஐத் தாண்டினால் தீவிரம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு, கடும் உடற்பயிற்சி இருக்கும் நாளில் எடுக்க வேண்டாம். டைப் 2 சர்க்கரை என்றால் கண்டுபிடித்த அன்றிலிருந்தே வருடம் ஒரு முறை. பேக்கேஜில் எதையாவது வெட்ட வேண்டும் என்றால் யூரிக் ஆசிட்டை வெட்டி இதைச் சேர்ப்பேன்.

பின்சேர்க்கை: அதிகம் கேட்கப்படுபவை

'பிரஷர் மாத்திரை மாற்றியதும் கிரியேட்டினின் ஏறிவிட்டது, நிறுத்திவிடலாமா?' டெல்மிசார்டன், ராமிப்ரில் வகை தொடங்கிய சில வாரங்களில் 30 சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்த்ததே. டாபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மருந்துக்கும் தொடக்கத்தில் ஈஜிஎஃப்ஆரில் சிறு இறக்கம் உண்டு. நீண்ட காலத்தில் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் மருந்துகள் இவை. நீங்களாக நிறுத்தாமல், 2 முதல் 4 வாரத்தில் மறுபடி டெஸ்ட் எடுத்து அதோடு டாக்டரைப் பாருங்கள். 30-ஐத் தாண்டினால் உடனே. வாந்தி பேதியில் படுத்திருக்கும் நாளில் இந்த மாத்திரைகளை என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

'சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை சாப்பிட்டபோது மட்டும் ஏறியது.' டிரைமெத்தோபிரிம் கலந்த மாத்திரை என்றால் கிரியேட்டினின் சிறுநீருக்குள் போகும் ஒரு வழியை அது அடைக்கிறது. வடிகட்டுதல் குறையாமலேயே எண் ஏறலாம். ஆனால் அதே மாத்திரை பொட்டாசியத்தை நிஜமாகவே ஏற்றும், அதனால் அந்த வரியைத் தவறாமல் பாருங்கள்.

'மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கிய மாத்திரைதானே?' டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன், அசெக்ளோஃபெனாக் எதுவானாலும் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், அட்டையைக் கையோடு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பஸ்பம், செந்தூரம் எடுத்தால் அந்த டப்பாவையும்.